இதர ஓட்டம்

நாலு வீட்டுக்கு ஒரு கார்.
மகாராஜநகர், மூன்றாம் தெரு, வேப்பமரத்தடியில் நிற்கும்.
சாவி செய்யதலி வீட்டு மீட்டர் பெட்டிக்குள்.
நோட்டு என்னிடம்.
கூட்டுறவுத் தணிக்கையில் இருக்கிறவள்
கணக்கு எழுதினால் சண்டை வராதென்று
பிரமநாயகம் சொன்னார், மற்றவர்கள் தலையாட்டினார்கள்.

முந்தின வருசம் வண்ணார்பேட்டையில்
போனைத் தட்டினால் கார் என்று ஒரு கம்பெனி வந்தது.
பச்சை பெயின்டில் பன்னிரண்டு கார்.
எட்டாம் மாசம் பலகையைக் கழற்றினார்கள்.
மேனேஜர் பையன் தாம்பரத்துக்காரன்.
"உங்க ஊர்ல எல்லாரும் ஒரே நாள்ல
கல்யாணத்துக்குப் போறீங்க மேடம்,
மத்த நாள் பூரா கார் வெயில் காயுது"
என்றான்.

சரிதான்.
நாலே வீடென்றாலும் சரிதான்.
ஆவணி முகூர்த்தத்தில்
ஒரே காலை ஆறரைக்கு மூன்று பேர் சாவி கேட்டார்கள்.
துண்டுச்சீட்டுக் குலுக்கினோம், ஜெபராணி டீச்சருக்கு விழுந்தது.
பிரமநாயகம் பஸ்ஸேறி ஆலங்குளம் போய்
தாலி கட்டி முடிந்து
மூன்றாம் பந்திக்கு நின்றார்.
ஒரு வாரம் முகங்கொடுத்துப் பேசவில்லை.

பெறவு, டிக்கியில் கருவாட்டு வாடை.
"யாருவே இதுக்குள்ள சாளைய ஏத்துனது?"
யாருமில்லை.
நோட்டில் மட்டும்
ஜெபராணி, உவரி, நூற்று நாற்பது கிலோமீட்டர்.
ஊதுபத்தி வாங்கிய பன்னிரண்டு ரூபாயை
மீன் தின்னாத வீட்டுக்கும் சேர்த்துத்தான் போட்டேன்.
கையெழுத்திடும்போது
பிரமநாயகத்தின் பேனா கொஞ்சம் நின்றது.

ஏறி உட்கார்ந்ததுமே தெரிந்துவிடும்
முந்தி ஓட்டியவர் யாரென்று.
செய்யதலி என்றால் சீட் பின்னால் தள்ளிப் படுத்துக்கிடக்கும்.
டீச்சர் என்றால் முழங்கால் ஸ்டியரிங்கில் இடிக்கும்.
பிரமநாயகம் திருப்பி வைத்த கண்ணாடியில்
ரோடு தெரியாது,
பின்சீட்டில் அவர் சம்சாரம் உட்காருகிற இடம் தெரியும்.

பங்குனிக் கடைசியில் கூட்டம், எங்கள் மொட்டைமாடியில்.
வருசத்தில் கார் நகர்ந்தது நூற்று இருபத்தெட்டு நாள்.
இன்சூரன்ஸ், இரண்டு டயர், பெட்ரோல்,
மேலப்பாளையத்து மெக்கானிக்,
எல்லாம் சேர்த்துக்
கிலோமீட்டருக்குப் பதினாறு ரூபாய் சொச்சம்.
"வித்துட்டு ஆட்டோவுல போயிரலாமோ?" என்றார் செய்யதலி.
"ஆட்டோக்காரன் உவரிக்கு வருவானா?" என்றாள் டீச்சர்.
பிரமநாயகம் என்னைப் பார்த்தார்.
"நீங்க சொல்லுங்கம்மா, கட்டுப்படியாகுமா?"

ஆகும் என்றேன்.
கடைசிப் பக்கத்தைப் புரட்டாமல்தான் சொன்னேன்.
மீட்டர் காட்டுவதற்கும் நோட்டில் இருப்பதற்கும்
வித்தியாசம் முந்நூற்றுப் பன்னிரண்டு கிலோமீட்டர்.
'இதர ஓட்டம்' என்று தலைப்பெழுதி
நாலால் வகுத்திருந்தேன்.
வீட்டுக்கு எழுபத்தெட்டு.
யாரும் கேட்கவில்லை.

அது நான்.

இரண்டு பெட்ரூம் வீட்டில் ஏழு பேர்.
கக்கூஸ் கதவையும் தட்டுவார்கள்.
வியாழக்கிழமை ராத்திரி
பாலுக்கு உறை ஊற்றிவிட்டு
எல்லா மூச்சும் சீராகக் கேட்டபின்
செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்குவேன்.
ரெட்டியார்பட்டியில் மலையை வெட்டி ரோடு போட்ட இடம் வரை போய்
ஓரமாக நிறுத்தி, விளக்கணைத்து,
கண்ணாடியை ஏற்றிக்கொண்டு
சும்மா இருப்பேன்.
அழுவதும் இல்லை, பாடுவதும் இல்லை.
லாரிகள் நாகர்கோவிலுக்குப் போகும்.
அரைமணி நேரம்.
திரும்பி வந்து சீட்டை
இருந்த இடத்துக்கே நகர்த்திவிடுவேன்.

போக வரப் பதிமூன்று கிலோமீட்டர்.
வருசத்தில் பதினான்கு தடவை.
நூற்று எண்பத்திரண்டு.

தணிக்கைக்காரி புத்தி, கழித்துப் பார்த்தது.
மிச்சம் நூற்று முப்பது
என்னுடையதில்லை.

கூட்டம் முடிந்து
ஒவ்வொருவராகப் படியிறங்கிப் போனார்கள்.
டீச்சர் டம்ளர்களைப் பொறுக்கி அடுக்கி வைத்துவிட்டுப் போனாள்.
பிரமநாயகம் மரத்தடியில் நின்று
காரின் முன் சக்கரத்தைக் காலால் அழுத்திப் பார்த்தார்.

நான் நோட்டின் ஓரத்தில், பென்சிலில்,
நூற்று முப்பதைப் பதிமூன்றால் வகுத்தேன்.
பத்து. மீதியில்லை.

ரப்பரால் அழித்தேன்.
முன் சக்கரத்தில் காற்று குறைவாம்.
நாளைக்கு அடிக்க வேண்டும்,
பொதுச் செலவு.